ஒன்றும் ஆகாத சரிவு

அன்றைக்கு ஒன்றுமே ஆகவில்லை. பனி சரிந்தது, யாரோ புதைந்தார்கள், நான் தப்பித்தேன் என்று கதை வரும் என நினைத்து வந்தவர்கள் ஏமாந்துபோவீர்கள், முன்பே சொல்லிவிடுகிறேன். போன ஏப்ரல் முதல் வாரம், மணாலிக்கு மேலே, துந்தியிலிருந்து பியாஸ் குண்ட் போகும் பள்ளத்தாக்கில், ஒரு சரிவின் அடிவாரத்தில் நின்றுகொண்டு காலை பத்தே கால் மணிக்கு எங்கள் வழிகாட்டி "திரும்பலாம்" என்றார். திரும்பினோம். சரிவு அப்படியே இருந்தது. சாயங்காலம் வரைக்கும் அப்படியேதான் இருந்தது. பத்து மாதமாக என்னைக் குடைந்துகொண்டிருப்பது அதுதான்.

ஓசூரில் ஷிப்டு வேலை பார்க்கிறவனுக்குப் பனிச்சறுக்கு எதற்கு என்று கேட்காதவர்கள் எங்கள் ஊரில் பாக்கியில்லை. காவேரிப்பட்டணத்துப் பக்கம் பிறந்தவன் நான். சறுக்குவது என்றால் ஏரிக் கரையில் சறுக்குவதுதான் தெரியும். ஒரு விடுமுறைக்கு குல்மார்க் போனேன், 14 நாள் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன், அதில் ஒன்பது நாள் விழுந்துகொண்டே இருந்தேன், பத்தாவது நாள் பிடித்துப்போயிற்று. அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து லிஃப்ட், கயிறு வேலி எதுவும் இல்லாத மலைக்குப் போகும் ஆசை வந்தது. பேக்கன்ட்ரி என்பார்கள். ஸ்கீ பலகையின் அடியில் 'ஸ்கின்' என்று ஒரு நீளப் பட்டையை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏறவேண்டும். பட்டையின் இழைகள் முன்னே தள்ளினால் வழுக்கும், பின்னே நழுவவிடாமல் பிடிக்கும். ஐந்து மணி நேரம் ஏறி, உச்சியில் பட்டையை உரித்துவிட்டு, இருபது நிமிடத்தில் இறங்கிவிடலாம். கணக்குப் போட்டால் நஷ்டம்தான். கணக்குப் போடாமல் செய்கிற ஒரு காரியமாவது வாழ்க்கையில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு மட்டும் பயம். காரணம் இருக்கிறது. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் பனிச்சுவர் இடிந்து மெட்ராஸ் ரெஜிமென்டின் காவல் சாவடியில் இருந்த பத்து வீரர்கள் புதைந்தார்களே, அதில் ஒருவர் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். அந்த வாரம் எங்கள் தெருவில் டிவி அணையவே இல்லை. ஆறாவது நாள், 25 அடிக்கும் கீழே, கர்நாடகத்துக்காரர் ஒருவரை உயிரோடு எடுத்தார்கள். மூன்று நாள் கழித்து அவரும் போய்விட்டார். அம்மாவின் மனதில் தங்கியது அந்த ஆறு நாள். நான் மணாலிக்குக் கிளம்பும்போது, "போனை மட்டும் ஆஃப் பண்ணிடாத கண்ணு, எத்தனை நாள் ஆனாலும் கண்டுபுடிச்சிடுவாங்க" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மை நேர்மாறானது. அவர் பிழைத்திருந்தது கூடாரத்துக்குள் காற்று தங்கியிருந்ததால் நடந்த அதிசயம். சாதாரணமாகப் பனிச்சரிவில் புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர். அதனால்தான் ஒவ்வொருவர் நெஞ்சிலும், புதைந்த இடத்தைச் சிக்னல் கொடுத்துக் காட்டும் பீக்கன் கருவி, முதுகுப் பையில் மடக்கு மண்வெட்டி, குத்திப் பார்க்க நீளக் கம்பி. மீட்புப் படை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கூட வந்தவன்தான் தோண்டவேண்டும். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பனி என்று எதைச் சொல்கிறோம்

நம் மொழியில் பனி என்பது ஒரே சொல். மார்கழி விடியலில் ராகிக் கதிர்மேல் நிற்பதும் பனி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ரோட்டை மறைப்பதும் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி. இதைக் குறை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த மலையில் எனக்குப் புரிந்த ஒரே அறிவியல் எங்கள் ஊர்ப் பனியிலிருந்துதான் வந்தது.

துந்திக்குப் போகும் முந்தின இரவு சோலாங்கில் ஒரு வீட்டில் தங்கியிருந்தோம். நான், பெங்களூர் நண்பன் ஒருவன், வழிகாட்டி. குளிரே இல்லை. இரண்டு ரஜாய் கொடுத்திருந்தார்கள், ஒன்றைத் தள்ளிவிட்டுத் தூங்கினேன். நல்ல சகுனம் என்று சந்தோஷப்பட்டதாகக்கூட ஞாபகம். இரண்டு மணிக்கு வழிகாட்டி வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். முகம் சரியில்லை. "நட்சத்திரம் இல்லை" என்றார்.

மூட்டம் போட்ட ராத்திரியில் பனி இறங்காது என்று எங்கள் ஊரில் விவசாயம் பார்க்கிற யாரும் சொல்வார்கள். வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தால்தான் விடியலில் செடி நனைந்திருக்கும். பகலில் வாங்கின சூட்டைத் தரை இரவில் வானத்துக்குத் திருப்பி விடுகிறது. மேகம் போர்வையாக நின்றால் அந்தச் சூடு போக வழியில்லை. இமயமலையிலும் இதேதான், விளைவுதான் வேறு. மேகமில்லாத இரவில், காற்று உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தால்கூட, பனிப் பரப்பு சூட்டை இழந்து இறுகிவிடும். விடியலில் பூட்ஸால் உதைத்தால் களத்துமேடு மாதிரி கெட்டியாக இருக்கும். மூட்டமான இரவில் இறுகாது. முந்தின நாள் வெயிலில் உருகின தண்ணீர் உள்ளே அப்படியே இருக்கும், மறுநாள் வெயில் அதன்மேல் இன்னும் சேர்க்கும்.

குளிர்காலப் பனிச்சரிவும் வசந்தகாலப் பனிச்சரிவும் வேறுவேறு ஜாதி. குளிர்காலத்தில் காய்ந்த பனி பலகை பலகையாகப் படிந்திருக்கும். அடியில் ஏதோ ஒரு மெல்லிய அடுக்கு பலமில்லாமல் இருக்கும், ஆள் ஏறினதும் பலகை பிளந்து ஓடும். அப்படி மாட்டிக்கொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில் சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களோ கூட வந்தவர்களோதான். ஏப்ரலில் கதை வேறு. தண்ணீர் மெல்ல இறங்கி, மணிக்கு மணி ஒட்டியிருந்த பிடியைக் கரைத்துவிடும். மேலிருந்து அடிவரை எல்லாம் ஒரே சூடு, சரியாக உருகுநிலை. அப்புறம் அது சரிய ஆள் தேவையில்லை, வெயில் போதும். காய்ந்த சரிவு அளவுக்கு வேகம் இருக்காது, ஆனால் எடை பயங்கரம். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டர் 100 கிலோ இருந்தால் ஈரப்பனி 400, 500 கிலோ. நின்றதும் கான்கிரீட் மாதிரி இறுகும்.

வேடிக்கை என்னவென்றால், சறுக்குவதற்கு மிக இனிமையான பனியும் இதே வெயில் செய்து கொடுப்பதுதான். இரவில் இறுகி, காலை வெயிலில் மேலே ஒரு விரற்கடை மட்டும் இளகினால், பனி சவ்வரிசி மணியாக உதிரும். ஆத்தூர், சேலம் பக்கம் களத்தில் காயப்போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. அதன்மேல் பலகை ஓடும் சுகத்தைச் சொல்லி மாளாது. இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் போனால் அதே சவ்வரிசி வெந்து கஞ்சியாகிவிடும். மணிக்கும் கஞ்சிக்கும் நடுவில் இருக்கும் அந்த நேரத்துக்காகத்தான் மனிதர்கள் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து மலையேறுகிறார்கள்.

2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் ஏழு சுற்றுலாப் பயணிகள் பனிச்சரிவில் இறந்தது நண்பகல் வேளையில்தான். குளிர்காலம் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிற மாதம். வெயில் வந்தால் பயம் போய்விடும் என்பது சமவெளிக்காரன் புத்தி. எனக்கும் அதுதான் இருந்தது.

பத்தே கால்

திட்டம் இதுதான். நான்கு மணிக்குக் கிளம்பி, கிழக்கு பார்த்த பெரிய சரிவின் அடியை எட்டு மணிக்குள் கடந்துவிடவேண்டும். காலை வெயில் முதலில் விழுவது அங்கேதான். ஒன்பதுக்கு உச்சியில் இருக்கவேண்டும், பத்துக்குள் இறங்கி முடிக்கவேண்டும். மூட்டம் விலகினாலும் விலகும், பார்க்கலாம் என்றுதான் கிளம்பினோம். ஐந்தரைக்கு விலகியும்விட்டது. ஆனால் ஒரு மணி நேரத் தெளிவு ஒரு ராத்திரி மூட்டத்துக்கு ஈடாகாது போல. மேலே அப்பளம் மாதிரி ஓர் ஓடு, அதை உடைத்தால் கீழே சொதசொத.

தாமதத்துக்குக் காரணம் நான், அதையும் சொல்லிவிட வேண்டும். வாடகைக்கு எடுத்த ஸ்கின்னில் பசை நனைந்து ஒரு பட்டை கழன்றுகொண்டே வந்தது. நாலு தடவை நின்று துடைத்து ஒட்டி, கடைசியில் டேப் சுற்றி, ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலே தின்றுவிட்டேன். வழிகாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. வாட்சை மட்டும் பார்த்தார்.

சரிவுக்கு வந்து சேர்ந்தபோது வானம் நீலம். அப்படியொரு நீலத்தை எங்கள் ஊரில் பார்க்க முடியாது. வீட்டு மாடிப்படி இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்தச் சாய்வு, கொஞ்சம் கூட. 30 டிகிரிக்குக் கீழே பனி பெரும்பாலும் நின்றுவிடும், 50க்கு மேலே தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். நடுவில் இருப்பதுதான் சேர்த்துவைத்துக் கொடுக்கும். இது நடுவில். மேலே பாறைகள் தெரிந்த இடங்களிலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தாமாகவே கிளம்பி, கோரைப்பாய் சுருட்டின மாதிரி சுருண்டு சுருண்டு பெரிதாகி, பாதி வழியில் நின்றன. எனக்கு அழகாக இருந்தது. போன் எடுத்துப் படம் பிடித்தேன். வழிகாட்டி தன் ஊன்றுகோலைப் பனியில் வைத்து லேசாக அழுத்தினார். கைப்பிடி வரை இறங்கியது. பத்தடி தள்ளிப் போய் இன்னொரு தடவை. அங்கேயும். பலகையைக் கழற்றிவிட்டு ஒரு காலை வைத்தார், முழங்கால் வரை போயிற்று. இவ்வளவுதான் பரிசோதனை. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் தினமும் மாவட்ட வாரியாக நிறம் போட்டு எச்சரிக்கை தருகிறது, அதையும் அவர் முந்தின இரவு பார்த்திருந்தார். ஆனால் நிறம் மாவட்டத்துக்கு. இந்தச் சரிவுக்கு, இந்த மணிக்கு, ஊன்றுகோல்தான்.

"திரும்பலாம்."

நான் வாதாடினேன். என் அரைகுறை இந்தியில் எப்படி வாதாடினேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. குறுக்கே கடக்க நாலைந்து நிமிடம் போதும், ஒவ்வொருவராகப் போகலாம், நான் முதலில் போகிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பலகையை மாட்டிக்கொண்டார். வந்த தடத்திலேயே இறங்கத் தொடங்கிவிட்டார்.

துந்தியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அங்கிருந்து அந்தச் சரிவின் மேல்பாதி தெரியும். இப்போது விழும், இப்போது விழும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விழவேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். விழுந்தால் எனக்கு நிம்மதி, செலவழித்த பணத்துக்கு ஒரு கதையாவது கிடைக்கும். விழவில்லை. எங்களுக்கு எதிரே மேலே போன ஐந்து பேர் கொண்ட வேறொரு குழு, இரண்டரை மணிக்குக் கூச்சல் போட்டுக்கொண்டே இறங்கி வந்தது. அதே சரிவைக் கடந்து போய், அதே வழியாக வந்திருக்கிறார்கள். ஒருவன் தன் போனில் உச்சியில் எடுத்த படத்தைக் காட்டினான். நான் எங்கள் வழிகாட்டியைப் பார்த்தேன். "வந்துவிட்டார்களா, நல்லது" என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ சொன்னார்.

பேசின கூலியை அன்று மாலை கொடுத்தேன். வழக்கமாக மேலே கொஞ்சம் போட்டுக் கொடுப்பார்கள். நான் கொடுக்கவில்லை.

தொப்பூர்

தொழிற்சாலையில் நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. ஒரு துண்டு வந்தால் கேஜ் என்ற அளவு பார்க்கும் கருவியில் போடுவோம். போனால் சரி, போகாவிட்டால் ஓரம். தப்பான முடிவு எடுத்தால் அன்றைக்கோ அடுத்த வாரமோ தெரிந்துவிடும். அதனால்தான் அந்தச் சரிவு இவ்வளவு தொந்தரவு செய்தது. திரும்பினது சரியா, தப்பா? யாரும் மதிப்பெண் போடவில்லை. சரிவு விழாததால் அவர் தப்பு என்று ஆகுமா? போனவர்கள் வந்துவிட்டதால் அவர்கள் சரி என்று ஆகுமா? ஆகாது என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் அந்த உச்சிப் படம் மனசிலிருந்து போகவில்லை.

மே மாதம் ஊரில் மாங்காய் அறுப்பு. அப்பா லாரி ஓட்டுவதை விட்டு ஆறு வருடமாகிறது, இப்போது இருக்கிற அறுபது மரத்தைப் பார்த்துக்கொள்கிறார். பெங்களூரா மாங்காயைக் கூழ் ஆலைக்குத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அப்பா எங்கள் வீட்டில் ஜாக்கிரதைக்கு மறுபெயர். சமதளமான வாசலில்கூட ஸ்ப்ளெண்டரைக் கியரில் போட்டுத்தான் நிறுத்துவார். முப்பத்தோரு வருடம் பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளியைக் கேரளாவுக்கு ஏற்றிப் போனவர், ஒரு கீறல் இல்லை. வழிகாட்டி செய்ததுதான் சரி என்று ஒரே வரியில் முடித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தொப்பூர்ல நான் நியூட்ரல்ல எறங்கியிருக்கேன், உனக்குத் தெரியாது" என்றார்.

எனக்கு நிஜமாகவே தூக்கிவாரிப்போட்டது. தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்கு நான் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம், இரட்டைப் பாலம் என்றாலே போதும். நியூட்ரலில் இறங்கினால் இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்காது. மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில். டிரம் சூடேறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் மிதித்தால் மிதி போகும், வண்டி நிற்காது. இன்ஜினையும் அணைத்துவிட்டால் ஏர் டேங்கில் காற்றும் ஏறாது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான்.

"ஓனரு நடைக்கு இவ்ளோன்னு கணக்குப் போட்டு டீசல் குடுப்பாரு. மிச்சம் புடிச்சா நமக்கு. எட்டு வருஷம் அப்படித்தான் எறங்கினேன். எல்லாரும் அப்படித்தான். ஒண்ணும் ஆகல."

"அப்புறம் எப்படிப்பா விட்டீங்க? ஆக்சிடென்ட் ஏதாச்சும்..."

"அதான் சொல்றேனே, ஒண்ணும் ஆகல." ஒரு காயை அமுக்கிப் பார்த்துத் தள்ளி வைத்தார். "ஒரு நாள் ராத்திரி கீழ வந்து டீக்கு நிறுத்தினோம். கிளீனர் பையன் கண்ணாடி தொடைக்கப் பக்கெட்ட எடுத்துட்டுப் போறான். தண்ணி தளும்பிப் பின் வீல்ல பட்டுச்சு. சுர்ர்ர்ன்னு ஒரு சத்தம், தோசைக்கல்லுல தெளிச்ச மாதிரி. ஆவியா கெளம்புது. பிரேக்கு நல்லாத்தான் புடிச்சுது அன்னைக்கும். எனக்கு மேல ஒரு வித்தியாசமும் தெரியல. அங்க உக்காந்து டீ குடிக்கறேன், கை நடுங்குது. அந்த எட்டு வருஷமும் அது எப்படி இருந்துச்சோ, ஒரு நாள்கூட நான் எறங்கிப் பாத்ததில்ல கண்ணு."

அடுத்த நடையிலிருந்து செகண்ட் கியர். மிச்சம் டீசல் காசு நின்றுபோனதில் அந்த வருடம் என் பள்ளிக்கூடச் செலவுக்கு அம்மா கம்மலை அடகு வைத்தாளாம். அதுவும் எனக்குத் தெரியாது. சக ஓட்டுநர்கள் பல வருடம் சிரித்திருக்கிறார்கள், பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போவானாம். அவர்களில் பெரும்பாலானவர்கள் நல்லபடியாக ஓய்வுபெற்று ஊரில் இருக்கிறார்கள் என்பதையும் அப்பாவே சொன்னார். அதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "அந்த ஆளு குச்சிய விட்டுப் பாத்தாருன்னு சொன்னியே. உங்களுக்கப்புறம் போனாங்களே, அவங்க பாத்தாங்களா?"

எனக்குத் தெரியாது. பார்த்திருக்கலாம். பதினொன்றரைக்கு மேலே மறுபடி மேகம் வந்து வெயிலை மறைத்தது, அந்தக் குழுவின் வழிகாட்டி அதைக் கணக்கில் எடுத்திருக்கலாம். எங்களுடையவர் கொஞ்சம் அதிகமாகவே பயந்தவராக இருக்கலாம், இந்த வாய்ப்பை நான் இன்னும் முழுக்க விடவில்லை. ஆனால் அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்தது 'விழுந்ததா இல்லையா' என்ற ஒரே கேள்வி. யார் குனிந்து பார்த்தார்கள் என்று எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. அவர் ஊன்றுகோலை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் உருண்டு வரும் பனியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வீடியோ இன்னும் போனில் இருக்கிறது. ஓரத்தில், பாதி முதுகு மட்டும், அவர் தெரிகிறார்.

"பேட்டா குடுத்தியா அவருக்கு?" என்றார் அப்பா.

பேட்டாவை நம்பி வாழ்ந்தவர் கேட்கிற கேள்வி. நான் பதில் சொல்லாமல் மாங்காயைப் பொறுக்கினேன். அவரும் திருப்பிக் கேட்கவில்லை.

இப்போது பிப்ரவரி. தோட்டத்தில் மாம்பூ கொட்டிக் கிடக்கிறது. போன வாரம்தான் துணிந்து வழிகாட்டிக்கு ஒரு தொகையைப் போனில் அனுப்பினேன். போன வருடத்து பாக்கி என்று மட்டும் எழுதினேன். என்னை ஞாபகம் இருக்குமா என்று சந்தேகம். இரண்டு நாள் கழித்து பதில் வந்தது. இந்த வருடம் பனி தாமதமாக விழுந்திருக்கிறதாம். வருவதாக இருந்தால் மார்ச்சிலேயே வரவேண்டுமாம், ஏப்ரல் என்றால் இரண்டு மணிக்குக் கிளம்பவேண்டியிருக்கும். கடைசியில் ஒரு வரி: ஸ்கின் வாடகைக்கு எடுக்காதே, சொந்தமாக வாங்கிக்கொண்டு வா.